சூளைக்குப் போய் வந்த வீடு

அக்கா,

இதை எழுதும்போதும் என் ஆள்காட்டி விரலின் நகக்கண்ணில் கொஞ்சம் பொடி இருக்கிறது. ரோஸும் ஊதாவும் கலந்த ஒரு மங்கல் நிறம். சோப்பு போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. வேறொன்றுமில்லை, உங்கள் வீட்டுச் சுவர்தான்.

உங்கள் மகள் ஸ்டெல்லா சென்னையிலிருந்து வந்திருந்தாள். கோயிலில் உங்களுக்கு வருஷப் பூசை முடிந்தது. அப்படியே வீட்டை ஒழித்து வாடகைக்கு விட்டுவிட்டுப் போகலாம் என்று இரண்டு வாரம் லீவு போட்டிருந்தாள். பூசை முடிந்த மறுநாளே துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு பரண் மேல் ஏறிவிட்டாள். நான் தையல் கடையைப் பூட்டிவிட்டு உதவிக்குப் போனேன். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பலகையை இழுத்தோம். மேலே பழைய போர்வை, அதற்குக் கீழே செய்தித்தாள், அதற்கும் கீழே வரிசைக்கு மூன்றாக ஒன்பது டைல்ஸ், அவற்றின் மேல் பொடியால் தீட்டிய ஒரு படம். நான்தான் அவசரக்காரி ஆயிற்றே. என்னடி இது என்று கேட்டுக்கொண்டே விரலை வைத்தேன். ஒரு விரல் அகலத்துக்குப் படத்தின் சுவர் என்னோடு வந்துவிட்டது.

"சின்னம்மா, தொடாதீங்க! அம்மா வரைஞ்சது அது" என்று ஸ்டெல்லா கத்தினாள்.

ஆபரேஷன் முடிந்து வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த மாதங்களில் நீங்கள் என்னவோ வரைகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நான் வரும் நேரத்துக்குப் பலகை மேல் போர்வை விழுந்திருக்கும். காட்டுங்கள் என்று எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறேன். "சூளை நெருப்புல போயிட்டு வரட்டும், அப்பறம் காட்டுறேன்" என்பீர்கள். நெருப்புக்குப் போவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு அந்தப் பலகை நினைப்பு எனக்கும் வரவில்லை, ஸ்டெல்லாவுக்கும் வரவில்லை.

அன்று முதல் முறையாகப் பார்த்தேன். உங்கள் வீட்டுக் கூடம். சுவர், ஜன்னல், சமையலறைப் பக்கம் பாதி திறந்த கதவு, மாதா படத்துக்குக் கீழே சின்ன பல்பு. நடுவில் மேசை. மேசையின் மேல்பாகம் முழுவதும் தெரிகிற மாதிரி நம் பக்கம் சாய்ந்து கிடக்கிறது, அதன் மேல் டீ கிளாஸ் மட்டும் நேராக நிற்கிறது. பக்கத்தில் ஒயர் பின்னிய நாற்காலி, அதன் முதுகில் கருப்பாக எதுவோ தொங்குகிறது. ஆள் யாரும் இல்லை. பார்த்ததும் எனக்குப் புதுச்சேரி ஞாபகம் வந்துவிட்டது.

உங்களுக்கு மறந்திருக்காது. ஸ்கேன் எடுக்கப் போன ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் ஹாலில் ஒரு படம் மாட்டியிருந்தார்கள். யாரோ வெளிநாட்டுக்காரர் வரைந்ததன் அச்சு. சாம்பல் சுவர், மஞ்சள் மேசை, ஒரு ஜாடி, திறந்த கதவு, அவ்வளவுதான். ரிப்போர்ட் வரக் காத்திருந்தோம். பயத்தில் எனக்கு வாய் சும்மா இருக்காது. "என்னாக்கா படம் இது? மேசை சாஞ்சி கெடக்குது. அந்த ஜாடி வழுக்கிக்கினு வந்து நம்ம மடியில வுழப்போவுது" என்றேன். நீங்கள் வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "வுழலையே சபுரா" என்றீர்கள்.

"வூடுன்னு வரைஞ்சிட்டு ஆளே இல்லயேக்கா."

"ஆளு இருக்காங்க. இப்பதான் எழுந்து உள்ள போயிருக்காங்க."

அதற்குள் உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். நீங்கள் எழுந்து உள்ளே போனீர்கள். நான் உங்கள் பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் என்ன சொன்னார் என்பதை நீங்கள் பஸ்ஸில்தான் சொன்னீர்கள், அதுவும் நெய்வேலி தாண்டிய பிறகு. நான் அழுதேன். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பி, "அந்த மாதிரி நம்ம வூட்ட ஒண்ணு வரையணும்" என்றீர்கள். பேச்சை மாற்றுகிறீர்கள் என்று நினைத்துவிட்டேன்.

நம்ம வீடு என்று நீங்கள் சொன்னது அன்றைக்கு என் காதில் ஏறவேயில்லை.

மங்கலம்பேட்டையிலிருந்து பிள்ளைகள் படிப்புக்காக விருத்தாசலம் வந்து, உங்கள் வீட்டை ஒட்டிய போர்ஷனில் குடியேறிய நாள் எனக்கு அப்படியே இருக்கிறது. என் வீட்டுக்காரர் சவுதியில். இரண்டு பிள்ளைகள், ஒரு தையல் மெஷின், தெரியாத தெரு. தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று கேட்க வந்தவள் உங்கள் கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். நீங்கள் அப்போதுதான் பீங்கான் கம்பெனி வேலை முடிந்து வந்திருந்தீர்கள். கப்புக்கும் தட்டுக்கும் பூவும் கோடும் எழுதுகிற வேலை. முழங்கை வரைக்கும் வெள்ளைப் பொடி. தோளில் கிடந்த பச்சைத் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள்.

"ஏம்மா, ஃபேனுக்கு அடியில ஒக்காந்துகினு ஏன் இப்பிடி வேவுற? வூட்ல ஆம்பள யாரும் இல்ல. எங்க வூட்டுக்காரரு தவறி மூணு வருசம் ஆச்சி. பர்தாவ கழட்டி அந்த நாற்காலி மேல போட்டுட்டு நல்லா சாஞ்சி ஒக்காரு."

போட்டேன். சாய்ந்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் மத்தியான வேளையில் அந்த நாற்காலியின் முதுகு என் பர்தாவுக்குத்தான். வேறு யாராவது வந்து அதில் உட்காரப் போனால், "அது சபுரா எடம், இந்தப் பக்கம் ஒக்காருங்க" என்று நகர்த்திவிடுவீர்கள். பங்குச் சாமியாரையே ஒரு தடவை ஸ்டூலுக்கு அனுப்பிவிட்டீர்கள். பாவம், அவர் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தார்.

இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்று கேட்பீர்கள். எனக்குப் பெரிய விஷயம்தான். சவுதியில் அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடி, பாஸ்போர்ட்டும் கைக்கு வராமல், மாதக்கணக்கில் போன் வராமல் இருந்த அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். ஊரிலிருந்து மாமியார் வந்தால் அதே கேள்வி. ப்ளவுஸ் அளவு கொடுக்க வருகிறவள்கூட டேப்பை இழுத்துப் பிடிக்கும்போது, "சேதி ஏதாச்சும் வந்துச்சாங்க?" என்பாள். அக்கறையில்தான் கேட்டார்கள், தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் இல்லை என்று சொல்லிச் சொல்லி என் வாயே கசந்துபோயிருந்தது. நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. ஒரு நாள் எனக்கே ரோஷம் வந்து, "ஊரே கேக்குது, நீங்க மட்டும் ஏங்க்கா கேக்கல?" என்று சண்டைக்கு வந்தேன்.

"கேட்டா நீ பதில் சொல்லணும். இங்க வந்து ஒக்காரும்போது நீ யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேணாம். டீ ஆறுது பாரு."

அவர் பத்திரமாக வந்து சேர்ந்தார், இப்போது கடையில் எனக்குக் காஜா கட்டிக் கொடுக்கிறார், அது வேறு கதை. அந்த மாதங்களில் என் புத்தி பேதலிக்காமல் இருந்தது உங்களால்தான் அக்கா. இதை உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால், "அடச்சீ, போ" என்று துண்டால் அடித்திருப்பீர்கள். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

படத்துக்கு வருகிறேன். அந்தப் பலகை முன்னால் உட்கார்ந்து நானும் ஸ்டெல்லாவும் நாள் முழுக்க வழக்காடினோம். அவள் அதைப் போனில் படம் எடுத்து, சென்னையில் ஓவியம் படித்த ஒரு தோழிக்கு அனுப்பியிருந்தாள். அந்தப் பெண் ஆடிப்போய்விட்டதாம். என்ன கலர், என்ன அமைதி, உங்க அம்மா பெரிய மாடர்ன் ஆர்ட்டிஸ்ட், தொடாதே, அப்படியே கண்ணாடி போட்டு மாட்டு என்று சொன்னதாம்.

"கலர் நல்லாருக்குதாமா? இது கலரே இல்லடி" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு தடவை சாப்பாட்டுக் கேரியரை மறந்துவிட்டுப் போனீர்கள் என்று கொண்டுவந்து கொடுக்க உங்கள் கம்பெனிக்குள் வந்தேன். நீங்கள் கப்புகளுக்கு அழுக்கு ரோஸில் கோடு இழுத்துக்கொண்டிருந்தீர்கள். இந்தக் கலரை எவன் வாங்குவான் என்று மூக்கைச் சுளித்தேன். இரண்டு நாள் கழித்து அதே கப்பு ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தீர்கள். கோடு பளிச்சென்று நீலம். அன்றிலிருந்து எனக்கும் கிறுக்குப் பிடித்துக்கொண்டது. ரோஸாக இருக்கிற பொடி சூளையில் வெந்தால் நீலம். செங்கல் நிறப் பொடி தேன் நிறம். கருப்பாக இருக்கிற பொடி பச்சை, சில நேரம் அதுவும் நீலம். தைக்க வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிப் பெருமை அடித்துக்கொள்வேன். ஏதோ நான்தான் சூளை வைத்து நடத்துகிற மாதிரி.

ஸ்டெல்லா அந்த நாற்காலியைக் காட்டி, "இது உங்க பர்தாதான சின்னம்மா?" என்று கேட்டாள்.

நான் சிரித்துவிட்டேன். "போடி. வேவாத கருப்புடி அது. வெந்துச்சின்னா பச்சை ஆயிடும். உங்கம்மா தோள்ல கெடக்குமே பச்சைத் துண்டு, அதான் அது."

சொல்லிவிட்டேனே தவிர, நெஞ்சில் ஒரு முள் தைத்தது. சிரிக்காதீர்கள். அந்தக் கூடத்தில் எல்லாம் இருந்தது. மாதா இருந்தார், அவருடைய பல்பு இருந்தது, உங்கள் ஜன்னல், உங்கள் டீ கிளாஸ், உங்கள் துண்டுகூட இருந்தது. பதினோரு வருஷம் அங்கே வந்து உட்கார்ந்தவளுக்கு அடையாளமாக ஒரு ஊசி முனைகூட இல்லை. உங்கள் வீட்டை நீங்கள் வரைந்திருக்கிறீர்கள், அதில் என்னை ஏன் தேட வேண்டும் என்று மனசுக்குச் சொல்லிப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை. என் நாற்காலியில் உங்கள் துண்டைப் போட்டுவிட்டீர்களே என்று இருந்தது.

சூளைக்கு அனுப்பலாமா, அப்படியே மாட்டலாமா? ஸ்டெல்லாவுக்குப் பயம். விரிசல் விட்டால்? நிறம் வழிந்தால்? அம்மா கையால் வரைந்தது இது ஒன்றுதான், போனால் போனதுதானே என்றாள். அவள் பயம் நியாயம்தான். ஆனாலும் நீங்கள் முடித்துவைத்த படம் அது இல்லையே. பிசைந்து, தேய்த்து, கல்லில் போடாமல் வைத்த ரொட்டியை யாராவது ஃப்ரேம் போட்டு மாட்டுவார்களா? அதைத்தான் அவளிடம் கேட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா கூட அதிகமா இருந்தது நீங்கதான். நீங்க என்னா சொல்றீங்களோ அப்பிடியே செய்யலாம் சின்னம்மா" என்றாள். நெருப்புக்குப் போய் வரட்டும் என்றேன்.

பலகையை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் போனோம். ஜங்ஷன் ரோட்டுப் பள்ளத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு குலுக்கலுக்கும் நான் பிஸ்மி சொல்ல, அவள் மாதாவைக் கூப்பிட, ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "உள்ள கொழந்த ஏதாச்சும் இருக்குதா?" என்று கேட்டுவிட்டார். கம்பெனியில் சூளை பார்க்கும் ராசு அண்ணன் பலகையை வாங்கி வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொரு டைல்ஸாகக் குனிந்து பார்த்தார். பிறகு, "அக்கா கைவேலை. என்னால ஆனத பாத்து வேவ வெக்கிறேன். ஆனா நல்லா வரும்னு சொல்ல முடியாதும்மா" என்றார். அதற்கு மேல் அவரை என்ன கேட்பது?

அன்றும் மறுநாளும் கடையில் நான் தைத்தது எதுவும் உருப்படவில்லை. ஒரு ஜாக்கெட்டுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே வெட்டிவிட்டேன். சூடு ஆறாமல் சூளையைத் திறக்கக் கூடாது என்பதால் மூன்றாம் நாள் காலையில்தான் வரச் சொல்லியிருந்தார்.

ராசு அண்ணன் கதவைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் விரித்த சாக்கின் மேல் அடுக்கினார். ஜன்னல் இருந்த டைல்ஸில் மட்டும் முடி மாதிரி ஒரு விரிசல். மற்றவையெல்லாம் முழுசாக இருந்தன. சுவர் நீலமாகியிருந்தது. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு நீங்களே சுண்ணாம்பில் கலந்து அடிப்பீர்களே, அதே நீலம். மேசை தேன் நிறம். கதவு பச்சை. சுவரில் என் விரல் பட்ட இடம் மட்டும் கொஞ்சம் வெளிறித் தெரிந்தது. ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "இது எங்க வூடு, இது எங்க வூடு" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் நாற்காலியைத் தேடினேன். பச்சைத் துண்டைப் பார்க்கத் தயாராகத்தான் குனிந்தேன்.

கருப்பாக இருந்தது அக்கா. போன மாதிரியே வந்திருந்தது. எல்லா நிறமும் மாறிவிட்டது, அது ஒன்று மட்டும் மாறவில்லை.

"இது ஏண்ணே வேவல?" என்று கேட்டேன். முட்டாள் மாதிரித்தான் கேட்டேன்.

"நல்லா வெந்துதாம்மா இருக்குது. கருப்பு கருப்பாவே வரணும்னா சும்மா வராது. மூணு பொடி கலக்கணும். ஒண்ணு தூக்கலா போனா நீலம் அடிக்கும், இன்னொண்ணு தூக்கலா போனா பழுப்படிக்கும். அக்கா முடியாம இருந்தப்ப சின்னச் சின்ன ஓட்டுத் துண்டுல தடவித் தடவிக் குடுத்தனுப்புவாங்க, நான் சுட்டுத் திருப்பி அனுப்புவேன். சரியில்லன்னு மறுபடியும் வரும். நீங்கதானம்மா கொண்டாந்து குடுப்பீங்க?"

நான்தான். டிபன் பாக்ஸில் செய்தித்தாள் சுற்றி நீங்கள் கொடுத்தனுப்புவீர்கள். என்ன என்று கேட்டால், "பொடி டெஸ்ட்டும்மா" என்பீர்கள். கையை ஊன்றி எழுந்திருக்க முடியாத நிலையில் இந்த அம்மாவிடம் கம்பெனி வேலை வாங்குகிறாரே என்று ராசு அண்ணனைக்கூட மனசுக்குள் திட்டியிருக்கிறேன். என் பர்தாவின் கருப்பை நானே சூளைக்கும் உங்கள் வீட்டுக்குமாகச் சுமந்திருக்கிறேன். கடைசி ஓட்டுத் துண்டைப் பார்த்துவிட்டு நீங்கள் ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பிடித்ததும், "இப்ப வந்துடுச்சி" என்று என்னைப் பார்த்துச் சிரித்ததும் ஞாபகம் இருக்கிறது. நான் அப்போதுதான் வந்திருந்தேன். பர்தா வழக்கம் போல நாற்காலியில் கிடந்தது. நீங்கள் அந்த ஓட்டுத் துண்டை அதன் பக்கத்தில் வைத்துத்தான் பார்த்திருக்கிறீர்கள்.

ஸ்டெல்லா என் முதுகில் ஒரு அடி வைத்தாள். "நான் சொன்னேனா இல்லயா? ஒண்ணும் தெரியாதவ நான் பாத்ததும் சொன்னேன். எல்லாம் தெரிஞ்ச நீங்க துண்டுன்னீங்க!" என்று சிரித்தாள். அப்படியே என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். சாக்கின் மேல் உங்கள் வீடு கிடக்க, நாங்கள் இரண்டு பேரும் அழுததில் ராசு அண்ணன் கையைப் பிசைந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

படத்தைச் சென்னைக்கு எடுத்துப் போ என்றுதான் சொன்னேன். அவள் மறுத்துவிட்டாள். இப்போது என் கடைச் சுவரில் சிமெண்டு வைத்துப் பதித்திருக்கிறது. அதற்குக் கீழே உங்கள் ஒயர் நாற்காலி. என் வீட்டுக்காரர்தான் போய் ஒரு பக்கம் அறுந்திருந்த ஒயரைப் பின்னிக் கொண்டுவந்தார். தைக்கக் கொடுக்க வருகிறவர்களில் சில பேருக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும், துணி ஒரு சாக்குத்தான் என்று. நேற்றுகூட ஒரு பெண் வந்தாள், ஆலடிப் பக்கத்து ஊர். ரவிக்கைத் துணியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தாள். என்ன, ஏது என்று நான் கேட்கவில்லை. நாற்காலியைக் காட்டி, நல்லா சாய்ந்து உட்காரு என்றேன். டீ வாங்கிவரச் சொன்னேன். அவள் டீயைக் குடித்துவிட்டு, படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"மேசை சாஞ்சிருக்குதே, கிளாஸு வுழாதாக்கா?"

"வுழலையே" என்றேன்.

"ஆளே காணோம்?"

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன் அக்கா. நாற்காலியில் பர்தா கிடக்கிறது பார், வெளியே போகிறவள் அதை விட்டுவிட்டா போவாள்? அந்த வீட்டில் நான் இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறேன். நீங்கள்தான் இப்போது எழுந்து உள்ளே போயிருக்கிறீர்கள்.

உங்கள்
சபுரா